லாகோஸ் மிளகாய் விழுது

பதினைந்து நாளைக்கு ஒருமுறை கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கிலோ சிவப்புக் குடமிளகாய் வாங்கி வருகிறேன். பச்சை அல்ல, நன்றாகப் பழுத்த சிவப்பு. காய்க்கார அம்மா முதலில் "வீட்ல விசேஷமா நைனா?" என்று கேட்டார். அடுத்த தடவை "ஓட்டல் ஏதாச்சும் வெச்சிருக்கியா?" என்றார். இப்போது கேள்வியெல்லாம் இல்லை. நசுங்கினது, கொஞ்சம் சுருங்கினது என்று தனியே எடுத்து வைத்துப் பாதி விலைக்குத் தருகிறார். அரைக்கிற காய்க்கு நசுங்கல் ஒரு குறையே இல்லை.

போன வாரம் பழைய கப்பல் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சங்கரா மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, "இது நம்ம குழம்புதான், ஆனா உள்ள வேற என்னமோ இருக்கே" என்றார். அவர் நாக்கை மெச்சத்தான் வேண்டும். உள்ளே இருந்தது லாகோஸ். அந்தக் கதை சாப்பாட்டு நேரத்துக்குள் அடங்காது என்பதால் அவருக்கும் உங்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

1975-ல் எனக்கு 22 வயது. பம்பாய் போய் சி.டி.சி. புத்தகம் வாங்கி, மாதக்கணக்கில் அலைந்து, ஒரு பழைய சரக்குக் கப்பலில் பண்டாரிக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். பண்டாரி என்றால் சிப்பந்திகளுக்குச் சமைப்பவர். அதிகாரிகளுக்குத் தனி ஆள், தனி அடுப்பு. கப்பல் சமையலறைக்கு 'கேலி' என்று பெயர். ராயபுரத்தில் வந்து "கேலியில வேலை" என்று சொன்னால் எவன்தான் சிரிக்கமாட்டான்?

ஐரோப்பாவில் சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு நைஜீரியாவின் லாகோஸ் துறைமுகத்துக்குப் போனோம். அந்த வருஷத்து லாகோஸைப் பற்றி எந்தப் பழைய கப்பல்காரரைக் கேட்டாலும் தலையில் கை வைப்பார். எண்ணெய்ப் பணம் கொட்டிய நேரம். நைஜீரிய அரசாங்கம் சுமார் 2 கோடி டன் சிமெண்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டது. துறைமுகத்தால் இறக்க முடிந்ததோ வருஷத்துக்குச் சுமார் 10 லட்சம் டன். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 400-க்கும் மேற்பட்ட கப்பல்கள் கடலில் நங்கூரம் போட்டு நின்றன. ராத்திரியில் பார்த்தால் தண்ணீருக்கு மேல் ஓர் ஊரே விளக்கேற்றி வைத்த மாதிரி இருக்கும். காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் முதலாளிக்கு டெமரேஜ் பணம் வந்துகொண்டிருந்ததால் அவருக்கு அவசரம் இல்லை. ஜூலை 29-ம் தேதி அந்த நாட்டில் ராணுவத்துக்குள்ளேயே ஆட்சி கவிழ்ந்து வேறு தலைவர் வந்தார். எங்களுக்கு ரேடியோவில் சேதி தெரிந்தது. கப்பல் நகரவில்லை. ஐந்து மாதம் அங்கேயே நின்றோம்.

மூன்றாம் மாதம் எங்கள் மிளகாய்த் தூள் தீர்ந்தது. இருபத்தைந்து பேருக்கும் மேல் இந்தியர்கள் இருந்த கப்பல். மிளகாய்த் தூள் இல்லை என்றால் சண்டை வரும், வந்தது. படகில் காய்கறி கொண்டுவந்து விற்பவர்களிடம் பண்டாரி என்னை அனுப்பினார். குட்டிக் குட்டியாய், சுருக்கம் விழுந்த, ஆரஞ்சும் சிவப்புமாய் ஒரு காய். பார்க்கக் குடமிளகாய்க் குஞ்சு மாதிரி அழகாக இருந்தது. ஒரு கூடை வாங்கிவிட்டேன். குடமிளகாய்தானே என்று நாற்பது காயை உருளைக்கிழங்கோடு வதக்கிப் போட்டேன்.

அதன் பேர் அட்டா ரோடோ. 'அட்டா' என்றால் யொரூபா மொழியில் மிளகாய். நம் குண்டு மிளகாயெல்லாம் அதற்குப் பக்கத்தில் பால் குடிக்கும் பிள்ளை. செராங் ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்து ஓடினார். மற்றவர்கள் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினார்கள். பண்டாரி என்னை அடித்த அடி இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதைவிடப் பெரிய தண்டனை, காயை நறுக்கிய கையால் கண்ணைத் துடைத்தது.

டிசம்பரில் ஒருவழியாக அபாபா துறையில் கப்பலைக் கட்டினார்கள். (எங்கள் ஆட்கள் அதை 'அப்பப்பா' என்றுதான் சொல்வார்கள்.) மூட்டை இறங்க மூன்று வாரம் ஆயிற்று. தினமும் காலையில் காய் வாங்கக் கரைக்குப் போவது என் வேலை. துறைமுக வாசலுக்கு வெளியே தகரக் கொட்டகையில் ஒரு அம்மா மூட்டை தூக்குகிறவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். நம் கையேந்தி பவன் மாதிரிதான். அங்கே அதை புக்கா என்பார்கள். எல்லோரும் அவரை 'இயா' என்று கூப்பிட்டார்கள், அம்மா என்று அர்த்தம். எனக்கு நம்மூர் 'ஆயா' மாதிரியே காதில் விழுந்தது.

அவரிடம்தான் அட்டா ரோடோவை எப்படிக் கட்டிப்போடுவது என்று பார்த்தேன். அதைத் தனியாக விடக்கூடாது. காரம் இல்லாத, சதைப்பிடிப்பான பெரிய சிவப்பு மிளகாய் ஒன்று உண்டு, டாட்டாஷே என்று பேர். அதுதான் நிறமும் உடம்பும் தரும். அது நிறைய, தக்காளி அதற்குச் சமமாக அல்லது கொஞ்சம் குறைவாக, வெங்காயம் தாராளமாக, ரோடோ இரண்டோ மூன்றோ. எல்லாவற்றையும் பேசினில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு மில்லுக்குப் போவார்கள். எஞ்சின் ஓடுகிற மில். வரிசையாகப் பெண்கள் நிற்பார்கள், தும்முவார்கள், முன்னால் நிற்பவள் எதை அரைத்தாள், அதன் வாசம் என்னுடையதில் ஏறிவிடுமே என்று சண்டை போடுவார்கள். சித்திரை வெயிலில் குழம்பு மிளகாய்த் தூள் அரைக்க நம் பெண்கள் மில் வாசலில் நிற்பார்களே, அதே காட்சி, அதே சண்டை. ஒரே வித்தியாசம், இங்கே காய்ந்த மிளகாய், அங்கே பச்சையாக இருக்கும் பழம்.

கொஞ்சமாக அரைக்க வேண்டுமென்றால் இயாவிடம் ஒரு கல் இருந்தது. அகலமான அடிக்கல், மேலே உருட்டுகிற கல். அடிக்கல்லுக்கு 'ஒலோ'. மேல் கல்லுக்கு 'ஒமோ ஒலோ', அதாவது ஒலோவின் பிள்ளை. எனக்குப் புல்லரித்தது. நம் அம்மியின் மேல் கல்லுக்கு என்ன பேர்? குழவி. அதுவும் குழந்தைதானே! "எங்கள் ஊரிலும் அது குழந்தைதான்" என்று கையால் தொட்டில் ஆட்டிக் காட்டினேன். இயா அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மிளகாய் என்னவோ அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியக் கப்பலில் அவர்களுக்கும் வந்தது, நமக்கும் வந்தது. இருந்த மிளகோடு ஒரு காயைச் சேர்த்து நாம் பேர் வைத்துக்கொண்டோம். கல்லும் அதன் குழந்தையும் அதற்கு வெகுகாலம் முன்னாலிருந்தே இரண்டு ஊரிலும் இருந்திருக்க வேண்டும்.

அரைப்பது பெரிய விஷயமில்லை. அதற்கப்புறம்தான் வேலை. அரைத்ததை எண்ணெய் இல்லாமல் அகலமான சட்டியில் ஊற்றிக் கொதிக்க வைப்பார். கொதித்துக்கொண்டே இருக்கும். முக்கால் மணி, ஒரு மணி நேரம். எனக்குப் பொறுமை இல்லை. "போதும், எண்ணெய் ஊத்தலாமா?" என்று சைகையில் கேட்பேன். அவர் கரண்டியால் ஒரு கோடு இழுத்துக் காட்டுவார். கோட்டில் தண்ணீர் ஓடி வந்து மூடும். "வாட்டர் நெவர் டிரை" என்பார். அந்த ஊர்ப் பேச்சு இங்கிலீஷில் 'நெவர்' என்றால் 'ஒருபோதும் இல்லை' அல்ல, 'இன்னும் இல்லை'. தண்ணி இன்னும் வத்தலை. மூன்று வாரத்தில் அந்த ஒரு வாக்கியத்தை நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

காரணம் பிற்பாடு சமையல்காரனாகத் தேறிய பிறகுதான் புரிந்தது. சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதற்குள் எண்ணெய் ஊற்றினால் அது வதங்காது, எண்ணெயில் மிதந்துகொண்டு வேகும். தக்காளிப் புளிப்பும் வெங்காயப் பச்சை வாசனையும் அப்படியே நிற்கும். தண்ணீர் போன பிறகு கடலை எண்ணெயோ, செக்கச் செவேல் என்று இருக்கும் அந்த ஊர்ப் பனை எண்ணெயோ தாராளமாக ஊற்றி, இன்னும் இருபது இருபத்தைந்து நிமிஷம் கிளறினால் எண்ணெய் மேலே வந்து நிற்கும். அந்த அடிப்படை விழுது கையில் இருந்தால் மீன், கறி, ஜொலோஃப் சோறு எதற்கும் பாதி வேலை முடிந்தது. (நம் ரேஷன் பாமாயிலும் அந்தக் குடும்பத்து எண்ணெய்தான். சுத்திகரிப்பில் சிவப்பும் மணமும் போய்விடும்.)

அதற்கப்புறம் முப்பத்தைந்து வருஷம் கடலில் ஓடியது. பண்டாரியானேன், தலைமைச் சமையல்காரனானேன். 1981-ல் கல்யாணம். பெண் திருவொற்றியூர், வடிவுடையம்மன் கோயில் பக்கம். அவள் அம்மாவின் அம்மி அவளோடு ராயபுரத்துக்கு வந்தது. எதற்கு மிக்ஸி வந்தாலும் மீன் குழம்புக்கு மட்டும் அம்மிதான். வருஷத்தில் ஒன்பது மாதம் நான் இல்லாத வீடு. பிள்ளைகள், ரேஷன், என் அம்மாவின் கடைசிக் காலம் எல்லாம் அவள் கையில். நான் மூன்று மாதம் வருவேன், விருந்தாளி மாதிரி.

விருந்தாளி என்றால் பரவாயில்லை. நான் பரீட்சை திருத்துகிற வாத்தியார் மாதிரி வந்தேன். உப்பு ஒரு கல் கம்மி, புளி ஜாஸ்தி, தாளிப்பு கருகிப்போச்சு. 1989 லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான், அவர் வீட்டம்மா, பிள்ளைகள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். வஞ்சிரக் குழம்பு. ஒரு வாய் வைத்துவிட்டு நான் சொன்னேன்: "பச்சை வாசனை அடிக்குது. என் கப்பல்ல இப்படி வெச்சா கேப்டன் என்னைக் கடல்ல தள்ளிடுவார்." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், மச்சானுக்கு இன்னொரு துண்டு போட்டாள்.

அந்த லீவில் இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருந்தது. மீன் வறுத்தாள், புட்டு செய்தாள், கருவாட்டுத் தொக்கு வைத்தாள். மீன் குழம்பு வைக்கவில்லை. அது எனக்குப் பம்பாய் ரயிலில் உட்கார்ந்து கட்டுச் சாப்பாட்டைப் பிரிக்கும்போதுதான் உறைத்தது. அடுத்த லீவில் மறுபடியும் வைத்தாள். அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

2011-ல் ஓய்வு பெற்றேன். 2015-ல் அவளுக்கு விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்தன. முடக்குவாதம் என்றார்கள். காலையில் எழுந்து ஒரு மணி நேரம் விரல் மடங்காது, டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துப் பிடிப்பாள். ஒரு நாள் சமையலறையில் 'தொம்' என்று சத்தம் கேட்டு ஓடினேன். குழவி கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டு கிடந்தது. டைல்ஸ் ஒன்று உடைந்திருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "கால்ல விழல" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கே அம்மியைக் கழுவித் துடைத்துச் சுவரோரம் சாய்க்கச் சொன்னாள்.

நான் சமையலை எடுத்துக்கொண்டேன். எத்தனை வருஷ அனுபவம்! ஒரு வாரத்தில் அவள் சொன்னது: "ஆஸ்பத்திரி சாப்பாடு மாதிரி இருக்குது." உண்மைதான். முப்பது பேருக்குச் சமைத்துப் பழகிய கை. யாருக்கும் பிடிக்காமல் போகக்கூடாது என்று சமைத்துச் சமைத்து, யாருக்கும் ரொம்பப் பிடிக்காமல் போய்விட்ட ருசி. பாக்கெட் மசாலா வாங்கினேன், அதை அவள் தொடவே இல்லை. பாதி நாள் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாள். மருந்துக்கு வயிற்றில் சோறு இருந்தாக வேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். ஆறு மாதத்தில் ஏழு கிலோ இறங்கிவிட்டாள்.

அப்போதுதான் இயாவின் சட்டி ஞாபகம் வந்தது. ஒருநாள் உட்கார்ந்து அரைத்து வற்ற வைத்துவிட்டால் பத்து நாளைக்கு அரைக்கிற வேலை இல்லையே! குடமிளகாய், தக்காளி, வெங்காயம் வாங்கினேன். அரைத்தேன், அடுப்பில் வைத்தேன். டி.வி.யில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்திலேயே எண்ணெயை ஊற்றி இறக்கி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். நாலாம் நாள் திறந்தால் புளித்து நுரைத்திருந்தது. சிங்க்கில் கொட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, "இன்னாங்க அது?" என்றாள்.

சொன்னேன். 400 கப்பல், செராங் ஓடியது, கண்ணைத் துடைத்தது, இயா, மில் வரிசை, கல்லின் குழந்தை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டாள். முப்பத்துநாலு வருஷத்தில் ஊர் பேரும் சம்பளமும் தவிரக் கடலைப் பற்றி நான் அவளிடம் எதுவும் சொன்னதில்லை என்பது பேசும்போதுதான் தெரிந்தது. கேட்டு முடித்துவிட்டு, "அந்தம்மா அத்தனை தடவை சொல்லியும் நீங்க தண்ணி வத்துறதுக்குள்ள எறக்கிட்டீங்க" என்றாள்.

மறுநாள் அவள் மேற்பார்வையில் நடந்தது. தக்காளியை அவள்தான் மாற்றினாள். நாட்டுத் தக்காளி வேண்டாம், வெறும் தண்ணி, பெங்களூர் தக்காளி வாங்குங்க என்றாள். அதிலேயே கால் மணி நேரம் மிச்சம். ரோடோவுக்குப் பதில் ராமநாதபுரத்துக் குண்டு மிளகாய் பதினைந்து, வெந்நீரில் ஊறவைத்தது. குடமிளகாய் விதையை முழுக்க எடுத்துவிட வேண்டும், கசக்கும். ஒரு கிலோ குடமிளகாய், முக்கால் கிலோ தக்காளி, அரை கிலோ வெங்காயம். மிக்ஸியில் கொரகொரப்பாக. கடலை எண்ணெய் கால் லிட்டர். இதயம் நல்லெண்ணெய் ஊற்றியும் ஒரு தடவை பார்த்தோம், ஒத்துவரவில்லை, எண்ணெய் வாசம்தான் முன்னால் நின்றது.

ஸ்டூலில் உட்கார்ந்தபடி சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். தண்ணீர் இருக்கும்போது 'தளதள' என்று கொதிக்கும். வற்ற வற்ற 'புளக் புளக்' என்று குமிழ் வெடித்துத் தெறிக்கும். (அப்போது தள்ளி நில்லுங்கள், முழங்கையில் எனக்குத் தழும்பே இருக்கிறது.) எண்ணெய் பிடித்தபின் மெல்லிய சலசலப்பு. "இப்ப அடங்குச்சு பாருங்க" என்பாள். நான் கரண்டியால் கோடு இழுத்துப் பார்ப்பேன். சரியாக இருக்கும். முப்பது வருஷம் இயா சொன்னபடி கோடு போட்டுப் பார்த்தவன் நான். காதால் பார்க்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனாலும் மீன் குழம்பு என்று வந்தபோது அவள் சம்மதிக்கவில்லை. "மூணு நாள் மசாலாவுல எவளாவது மீன் கொழம்பு வெப்பாளா?" என்றாள். கோழிக்குப் போட்டோம், முட்டைக்குப் போட்டோம், மீனுக்கு மட்டும் கிடையாது. 2016 டிசம்பர் 12, வர்தா புயல். மரங்கள் விழுந்து கரண்ட் போய்விட்டது, மிக்ஸி ஓடாது, கடையும் இல்லை. முந்தின நாள்தான் விழுது வற்ற வைத்திருந்தோம். காலையும் மாலையும் சுடவைத்து வைத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் தெருவில் கானாங்கெளுத்தி வந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் புளியை ஊறவைத்தாள். இரண்டு கரண்டி விழுது, குழம்புத் தூள், புளி, நாலு பூண்டு. விரல் மடங்காத கையால் அவளே கறிவேப்பிலை உருவிப் போட்டாள்.

அன்றிலிருந்துதான் சாப்பாடு உள்ளே போக ஆரம்பித்தது என்று சொன்னால் சினிமா மாதிரி இருக்கும். அப்படியில்லை. மருந்தை மாற்றினார்கள், அதுவும் காரணம். ஆனால் அந்த வருஷக் கடைசியில் இரண்டு கிலோ ஏறியிருந்தாள். விரலுக்குத் தடவ டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். வாங்கிவந்து பெட்டியைப் படித்தால் மிளகாயில் உள்ள காரச் சத்து, கேப்சைசின். "மொளகா அரைச்ச கைக்கு மொளகாவே மருந்தா!" என்று இரண்டு நாள் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். (தடவிய கையோடு கண்ணைத் தொடாதே என்று நான்தான் எச்சரித்தேன். எனக்குத் தெரியாதா?)

இப்போதும் அம்மி சுவரோரம்தான் இருக்கிறது. பதினைந்து நாளைக்கு ஒரு சட்டி, ஆறு டப்பா. முதல் டப்பா ஃபிரிட்ஜில், மற்றவை ஃபிரீசரில். ஒரு டப்பா எதிர் வீட்டுக்குப் போகிறது.

போன மாதம் ஒரு நாள் எனக்கு இடுப்பு வலி. நின்றது போதும் என்று கொஞ்சம் சீக்கிரமே குழம்பை இறக்கிவிட்டேன். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். அவள் ஒரு வாய் வைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"பச்சை வாசனை அடிக்குது" என்றாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. 1989-ல் மகனுக்கு ஆறு வயது. அவள் சிரிக்கவில்லை, ஆனால் வாயோரம் ஏதோ இருந்தது. "கேப்டன் சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு, எல்லோர் தட்டையும் அப்படியே விட்டுவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். இன்னும் பத்து நிமிஷம் ஆகும் என்று மருமகள் பிள்ளைகளுக்கு அப்பளம் எடுத்துக் கொடுத்தாள்.